காற்றை மூடினேன், முள் ஏறியது ஏன்?

வாசகர் கேள்வி: புகையை எரிக்கும் வினையூக்கி வைத்த விறகு அடுப்பு வாங்கி இது இரண்டாவது குளிர்காலம். ராத்திரி படுக்கப் போகும் முன் அடுப்பு நிறைய விறகு அடுக்கி, பைபாஸை (புகையை வினையூக்கிக்குள் விடாமல் நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும் வழியை) மூடி, காற்றையும் குறைத்துவிட்டுப் போவேன். போன வாரம் வீட்டுக்குள் ரொம்ப நாளாக இருந்த, சின்னச் சின்னதாகப் பிளந்த விறகைப் போட்டேன். கால் மணி நேரத்தில் வினையூக்கியின் வெப்பமானி முள் 850 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பயந்துபோய் காற்றை முழுக்க மூடினேன். இறங்குவதற்குப் பதில் 900-ஐத் தொட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்தேன், புகை அறைக்குள் வந்தது, உள்ளே ‘டிக்’கென்று ஒரு சத்தமும் கேட்டது. மறுநாள் வெளியில் அடுக்கி வைத்திருந்த பெரிய கட்டைகளைப் போட்டேன். அன்றைக்கு நேர்மாறு: முள் 250-ஐத் தாண்டவே இல்லை, காலையில் கண்ணாடி கறுத்துக் கிடந்தது, விறகு பாதி வெந்தும் வேகாமலும் மிச்சம். அடுப்பில் கோளாறா, என் கையில் கோளாறா? எந்த வெப்பநிலையில் வைத்திருப்பது சரி? வினையூக்கியை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி நடந்ததையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. இரண்டாவது நாள் கதையை மட்டும் எழுதியிருந்தால் வினையூக்கி கெட்டுப்போயிருக்குமோ என்று நானும் சந்தேகப்பட்டிருப்பேன். முந்தைய ராத்திரி 900 வரை போன வினையூக்கி செத்த வினையூக்கி அல்ல. செத்ததற்கு அந்தச் சூடு வரவே வராது. அந்த ‘டிக்’ சத்தத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பழுது பார்க்கப் போகிற வீடுகளில் அதிகம் காதில் விழுகிற கேள்வியும் உங்களுடையதுதான். காற்றைக் குறைத்தால் நெருப்பு குறையும், அப்படியிருக்க முள் ஏன் ஏறுகிறது? நெருப்பு குறைவது உண்மை. ஆனால் அந்த முள் நெருப்பின் அளவைக் காட்டுவதில்லை. வினையூக்கிக்குள் எவ்வளவு புகை எரிகிறது என்பதைத்தான் காட்டுகிறது. நெருப்பும் அதுவும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்று நினைத்துக் காற்றுப் பிடியைத் தொடுகிற வரைக்கும் இந்த அடுப்பு உங்களுக்குப் பிடிபடாது.

விறகு சூடாகும்போது என்ன நடக்கிறதென்று பாருங்கள். 200, 250 டிகிரி வாக்கில் கட்டை சிதைந்து ஆவியாகவும் புகையாகவும் வெளியே வர ஆரம்பிக்கிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப் புகையாகத்தான் போகும், மிச்சம்தான் கரி. விறகில் இருக்கிற வெப்பத்திலும் பாதிக்கு மேல் அந்தப் புகைக்குள்தான் இருக்கிறது. அது தானாகத் தீப்பற்ற 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். எரியறையில் மஞ்சள் தீ நடனமாடும்போது அந்தச் சூடு கிடைத்துவிடும். காற்றைக் குறைத்து மெதுவாக எரியவிட்டால் கிடைக்காது, புகை எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறும். வினையூக்கி வருவது இந்த இடத்தில்தான். பீங்கானாலோ எஃகுத் தகட்டாலோ செய்த தேன்கூடு, அதன் மேல் பல்லேடியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு. கார்களின் புகைக்குழாயில் 1970-களின் நடுவிலிருந்து இருந்துவருகிற அதே வகைப் பொருள்தான். அந்தப் பூச்சின் மேல் படும்போது புகை 260 டிகிரியிலேயே எரிய ஆரம்பித்துவிடும். தீ இல்லாமல், சத்தம் இல்லாமல், எரியறை இருட்டாக இருக்கும்போதே மேலே தேன்கூட்டுக்குள் புகை எரிந்துகொண்டிருக்கும்.

இப்போது உங்கள் முதல் ராத்திரிக்கு வருவோம். அடுப்பு நிறைய மெல்லிய, நன்றாகக் காய்ந்த விறகு, அடியில் தகதகவென்று தணல். அத்தனை துண்டுகளும் ஒரே நேரத்தில் சூடேறி ஒரே நேரத்தில் புகை கக்க ஆரம்பித்தன. நீங்கள் காற்றைக் குறைத்தீர்கள், எரியறையில் தீ அணைந்தது. அதுவரை பாதிப் புகையைத் தீயே தின்றுகொண்டிருந்தது, இனி தின்ன ஆளில்லை, மொத்தப் புகையும் வினையூக்கிக்குப் போயிற்று. முள் ஏறியது. அதைப் பார்த்துக் காற்றை இன்னும் மூடினீர்கள், மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தீயும் போனது, வினையூக்கிக்கு இன்னும் கொஞ்சம் புகை கிடைத்தது. முள் இன்னும் ஏறியது. இதில் அடுப்பின் தப்பு எதுவும் இல்லை. காற்றுப் பிடியை வண்டியின் பிரேக் மாதிரி நினைத்து அழுத்தியதுதான் நடந்த தப்பு, இந்த அடுப்புக்குப் புதிதாக வருகிற யாருக்கும் கை தானாக அப்படித்தான் போகும்.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? எரியறையைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், முள்ளைப் பார்க்கிறதற்கு முன்னாலேயே. உள்ளே இருட்டாக, தீயே இல்லாமல், தணல் மட்டும் மினுக்கிக்கொண்டு, முள் மட்டும் மேலே போகிறதென்றால் காற்றைக் கொஞ்சம் திறங்கள். ஆமாம், திறக்கத்தான் வேண்டும். பிடியைக் கால்வாசி நகர்த்தினால் போதும், விறகின் மேல் சோம்பலாக ஒரு தீ எழும், அது புகையில் ஒரு பகுதியை அங்கேயே எரித்துவிடும், வினையூக்கிக்கு வரும் தீனி குறையும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் இறங்குவது தெரியும். முதல் தடவை இதைச் செய்யும்போது கை நடுங்கும், பரவாயில்லை.

ஆனால் உள்ளே பார்க்கிறீர்கள், எரியறை முழுக்கத் தீ கொழுந்துவிட்டு எரிகிறது, அடுப்பின் மேல்தகடும் வழக்கத்தைவிட மிகவும் சூடாகியிருக்கிறது, முள்ளும் மேலே. இது வேறு நோய், மருந்தும் வேறு. மொத்த அடுப்புமே மிதமிஞ்சி எரிகிறது, இங்கே காற்றைக் குறைப்பதுதான் சரி, அதையும் படிப்படியாக. கதவைத் திறக்காதீர்கள், இரண்டு நிலைமையிலுமே திறக்காதீர்கள். கதவைத் திறந்தால் வெந்துகொண்டிருக்கிற தேன்கூட்டின் மேல் குளிர்ந்த காற்று பாய்கிறது, பீங்கான் என்றால் விரிசல் விடும். பைபாஸ் மூடியிருக்கும்போது கதவைத் திறந்தால் புகைக்கு வெளியேற வழி குறுகலாக இருப்பதால் அது அறைக்குள்தான் வரும், உங்களுக்கும் அதுதான் நடந்தது. பைபாஸைத் திறந்து வினையூக்கியைக் காப்பாற்றலாம் என்றும் சிலர் சொல்வார்கள். உள்ளே தீ பெரிதாக இருக்கும்போது அதைத் திறந்தால் நெருப்பு நேராகப் புகைபோக்கிக்குள் ஏறும், அங்கே கிரியோசோட், அதாவது எரியாத புகை படிந்து உறைந்த தார், இருந்தால் அது பற்றிக்கொள்ளும். உங்கள் அடுப்பின் கையேடு அதைச் சொன்னால் செய்யுங்கள், இல்லையென்றால் அதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம். புகைபோக்கிக்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்டால் எல்லாக் காற்று வழிகளையும் மூடிவிட்டு, வீட்டிலுள்ளவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் அடுப்போடு போராடிக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, எந்த வெப்பநிலை சரி என்று கேட்டீர்கள். வினையூக்கி வேலையைத் தொடங்குவது 260 டிகிரிக்கு மேல், ஃபாரன்ஹீட் முள் என்றால் 500. அது நிதானமாக ஓடுகிற இடம் 370-க்கும் 760-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 700-இலிருந்து 1400 ஃபாரன்ஹீட். புது விறகு போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் அது 800-ஐ எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் கவலைப்பட வேண்டியதில்லை. 870-க்கு மேல் போய் அங்கேயே நின்றால்தான் கெடுதல் ஆரம்பிக்கிறது. 930-ஐ எந்த நிலையிலும் தாண்டவிடக் கூடாது. அந்தச் சூட்டில் பூச்சிலுள்ள உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாகிவிடும், புகை படுகிற பரப்பு குறைந்துவிடும், அப்புறம் வினையூக்கி பார்க்க முழுசாக இருக்கும், வேலை மட்டும் மந்தமாகிவிடும். ஒரே ராத்திரி 900-ஐத் தொட்டுவிட்டு இறங்கியதால் உங்களுடையது அந்த நிலைக்குப் போயிருக்காது. வாரத்துக்கு இரண்டு தடவை அப்படிப் போனால் அதன் ஆயுள் குறையும். இன்னொன்று, தேன்கூடு சிவந்து ஒளிரவில்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். 540 டிகிரி தாண்டினால்தான் சிவப்பு தெரியும். அதற்குக் கீழே ஒளியே இல்லாமல் அது அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒளிர்கிறதா என்பதைவிட, வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகக் கொஞ்சம் நீராவி கலைந்துபோனால் நல்லது. நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ வால் மாதிரி நீண்டு தொங்கினால் வினையூக்கி தூங்குகிறது.

வெப்பமானியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சுருள் தகட்டில் ஓடுகிற முள் வெப்பமானி எப்போதும் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். நீங்கள் 850 பார்க்கும்போது உள்ளே ஏற்கெனவே அதற்கு மேல் போயிருக்கலாம், அதேபோல் நீங்கள் காற்றைச் சரிசெய்த பிறகும் முள் சிறிது நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து பிடியை இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை என்று திருப்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு தடவை திருப்பினால் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். முடிந்தால் கே வகைத் தெர்மோகப்புள் (சூட்டை உணரும் உலோகக் கம்பி) வைத்த டிஜிட்டல் மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அது வேகமாகக் காட்டும்.

இனி முக்கியமான விஷயம். முள் ஏறிய பிறகு அடக்குவதைவிட ஏறாமல் அடுக்குவது சுலபம், அதாவது விறகு ஒரே நேரத்தில் புகை கக்காதபடி பார்த்துக்கொள்வது. நீங்கள் அன்றைக்குப் போட்டது வீட்டுக்குள்ளேயே காய்ந்த சின்னத் துண்டுகள். ஒரு பெரிய கட்டையை எட்டாகப் பிளந்தால் எடை அதேதான், ஆனால் சூடு படுகிற பரப்பு பல மடங்காகிவிடுகிறது, அத்தனை பரப்பிலிருந்தும் புகை வரும். விறகு ஈரமாக இருக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அளவுக்கு மீறிக் காய்ந்ததும் இந்த அடுப்புக்குத் தொல்லை என்று சொல்பவர்கள் குறைவு. தச்சுப் பட்டறையில் மிச்சமாகும், சூளையில் காயவைத்த பலகைத் துண்டுகளை அடுப்பு நிறையப் போட்டுவிட்டு முள் எகிறுகிறதென்று கூப்பிட்ட வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்த மாதிரி விறகைத் தீ மூட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு முழங்கையளவு தடிமனான கட்டைகள்தான் சரி, இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கியது. நடுவே மட்டும் ஒன்றிரண்டு மெல்லியது.

தணலையும் பாருங்கள். எரியறை முழுக்கப் பரவிய தணல் மேல் புது விறகைக் கொட்டினால் அத்தனையும் அடியிலிருந்து ஒரே நேரத்தில் வேகும். தணலைக் கதவுப் பக்கமாக இழுத்துக் குவித்துவிட்டு, பின்னால் பெரிய கட்டைகளை அடுக்கினால், தீ முன்னாலிருந்து பின்னால் மெதுவாக நகரும், சுருட்டு எரிகிற மாதிரி. சில அடுப்புகளில் காற்று வருகிற பக்கம் வேறாக இருக்கும், உங்களுடையதில் எங்கிருந்து வருகிறதென்று கையேட்டில் பார்த்து அந்தப் பக்கம் தணலைக் குவியுங்கள். தணல் மலையாக இருக்கும்போது அடுப்பை நிரப்பவே வேண்டாம், கொஞ்சம் காற்றைத் திறந்து அதை எரித்து இறக்கிவிட்டுப் போடுங்கள்.

விறகு போடுவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் பைபாஸைத் திறங்கள், காற்றையும் திறங்கள், பிறகு கதவை ஒரு விரல்கடை திறந்து கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் முழுக்கத் திறங்கள். அடுக்கி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு, விறகின் முகப்பெல்லாம் கறுத்து நன்றாகத் தீப்பிடிக்கிற வரை விடுங்கள். எவ்வளவு நேரம் என்பது விறகைப் பொறுத்தது, பத்து நிமிடத்திலும் ஆகலாம், அரை மணியும் பிடிக்கலாம். முள் 260-ஐத் தாண்டி, தீயும் நிலையாக இருந்தால் பைபாஸை மூடுங்கள். மூடியவுடன் காற்றைக் குறைக்கக் கூடாது. ஐந்து, பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு, வினையூக்கி நிலைகொண்ட பிறகு பிடியை முக்கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு பத்து நிமிடம் கழித்துப் பாதி. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு படியிலும் தீ சற்றே சோம்பலாகும், ஆனால் அணையக் கூடாது. ஒரேயடியாகப் பூட்டினால் எரியறை முழுக்கப் புகை தேங்கி, எங்கிருந்தாவது கொஞ்சம் காற்றும் ஒரு பொறியும் கிடைக்கும்போது குப்பென்று பற்றும், அடுப்பின் இடுக்குகளிலிருந்து புகை பிதுங்கும். உங்கள் வீட்டில் இதுவரை அது நடக்காதது அதிர்ஷ்டம். தெர்மோஸ்டாட் வைத்த அடுப்பாக இருந்தால் கடைசிப் படிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது அடுப்பின் உடம்புச் சூட்டைப் பார்த்துத்தான் காற்று வழியைத் திறந்து மூடுகிறது, வினையூக்கி எவ்வளவு கொதிக்கிறதென்று அதற்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முக்கால் மணியாவது ஆகும். அதனால்தான் படுக்கையை விரித்துவிட்டு அடுப்பை நிரப்புகிற பழக்கத்தை விடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நிரப்புங்கள். முள் ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்க ஆரம்பிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்ப் படுங்கள். கை பழகுகிற வரை இரண்டு வாரத்துக்குப் பாதி அளவு விறகே போதும், அதுவும் பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பழகுவது இன்னும் நல்லது.

இரண்டாவது ராத்திரி எளிது. வெளியில் கிடந்த பெரிய கட்டைகள், அனேகமாக ஈரம். மேல்தோல் காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கட்டையை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, நடுவில் புதிதாகப் பிளந்து, அந்தப் புது முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரமுள்ள விறகை 9 கிலோ போட்டால் 3 லிட்டர் தண்ணீரையும் சேர்த்து அடுப்புக்குள் வைக்கிறீர்கள். ஒரு லிட்டரை ஆவியாக்கவே 1 கிலோவாட் ஹீட்டரை நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடவிடுகிற அளவு வெப்பம் வேண்டும். வினையூக்கிக்குப் போக வேண்டிய சூட்டை நீராவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் மேல் முந்தைய ராத்திரியின் பயம் வேறு, காற்றையும் சீக்கிரமே குறைத்திருப்பீர்கள். 260-ஐத் தொடாமல் பைபாஸை மூடியதால் வினையூக்கி கண்விழிக்கவே இல்லை, எரியாத புகை கண்ணாடியிலும் புகைபோக்கியிலும் படிந்தது. இப்படி நடக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பைபாஸைத் திறந்து, காற்றைத் திறந்து, தீயை மறுபடி எழுப்பி, முள் தாண்டிய பிறகு மூடுவது. ஈர விறகை, கொதித்துக்கொண்டிருக்கிற பீங்கான் தேன்கூட்டுக்குக் கீழே போட்டு உடனே பைபாஸை மூடுவது அதற்கு ஆகாது, நீராவி பட்டு அது விரிசல் விடும். அந்தக் குவியலை மேலே மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு அடுத்த குளிர்காலத்துக்கு வையுங்கள். இந்தக் குளிர்காலத்தை ஓட்ட வேறு காய்ந்த விறகு பாருங்கள். இதில் சமாதானம் கிடையாது, ஈர விறகை வைத்துக்கொண்டு நான் சொன்ன மற்றதை எல்லாம் செய்தாலும் பலிக்காது.

விடியற்காலையில் முள் 250-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது வேறு, கோளாறென்று நினைக்க வேண்டாம். புகையெல்லாம் தீர்ந்து கரி மட்டும் மிச்சமிருக்கிறது, வினையூக்கிக்குத் தீனியில்லை, அவ்வளவுதான். அப்போது காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டால் தணல் நன்றாகச் சூடு தரும். தணல் கார்பன் மோனாக்சைடு விடும் என்பதால் கனன்றுகொண்டிருக்கிற அடுப்பின் வழிகளை முழுக்க அடைத்துவைக்காதீர்கள், படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் ஒன்று வேண்டும். இதுவரை வைக்கவில்லையென்றால் இன்றைக்கே வையுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் முள் அடங்கவில்லையென்றால் காற்று உங்கள் பிடி வழியாக மட்டும் போகவில்லை என்று அர்த்தம். ஒரு வீட்டில் மூன்று வருடத்தில் இரண்டு வினையூக்கி உடைந்திருந்தது, தயாரிப்புக் குறை என்றே அந்த வீட்டுக்காரர் முடிவுகட்டியிருந்தார். போய்ப் பார்த்தால் கதவின் கீழ் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கயிறு தட்டையாகி, கண்ணாடி வளையல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அந்த இடுக்கில் போன காற்று தணலை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது, பிடியை எவ்வளவு மூடியும் பயனில்லை. கயிற்றை மாற்றியதோடு சரியாகிவிட்டது. உங்கள் அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும் பல இடங்களில். இறுக்கமாகப் பிடித்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ஓட்டை. சாம்பல் தட்டின் கதவையும் இதே மாதிரி பாருங்கள். பைபாஸ் தகடு சரியாக அமராவிட்டால் புகை வினையூக்கியைத் தொடாமலே நழுவிப் போகும், அதன் அறிகுறி நேர்மாறாக இருக்கும், முள் சோம்பலாக, புகைபோக்கியில் எப்போதும் புகை.

புகைபோக்கி ரொம்ப உயரமென்றால் இழுவை, அதாவது அது புகையை மேலே உறிஞ்சுகிற விசை, அதிகமாகவும் இருக்கலாம். பெரும்பாலான அடுப்புகளுக்கு 12 பாஸ்கல் வாக்கில் இழுவை போதும். 25-ஐ நெருங்கினால் தீயின் நாக்கையே தேன்கூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அப்படித் தீ நேராகப் படுகிற வினையூக்கி சீக்கிரம் அரித்துப் போகும். கடுங்குளிரும் காற்றும் உள்ள ராத்திரிகளில் மட்டும் முள் எகிறுகிறதென்றால் இதைச் சந்தேகப்பட்டு, மானோமீட்டர் வைத்து அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புகைக்குழாயில் டேம்பர் (இழுவையைக் குறைக்கும் தகடு) போடுவதா வேண்டாமா என்பதை அளந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக அந்த ‘டிக்’. எஃகும் வார்ப்பிரும்பும் சூட்டில் விரியும்போது அப்படிச் சத்தம் போடும், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, அதாவது தீ அணைந்து ஒரு நாள் கழித்து, டார்ச் அடித்துத் தேன்கூட்டைப் பாருங்கள். முடி அளவு விரிசல் ஒன்றிரண்டு இருந்து, துண்டு விழாமல் இடத்திலேயே நின்றால் அப்படியே ஓட்டலாம். துண்டு பெயர்ந்து ஓட்டை தெரிந்தாலோ தொட்டால் உதிர்ந்தாலோ மாற்ற வேண்டும். பார்க்கும்போதே மென்மையான தூரிகையால் சாம்பலைத் தட்டிவிடுங்கள், அறைகள் அடைபட்டிருந்தால் வாக்குவம் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கம்பியைக் குத்திச் சுரண்டாதீர்கள், பூச்சு போய்விடும். வெளியே எடுத்தால் அதைச் சுற்றியிருக்கிற உறையைப் புதிதாகப் போட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும், பழையதை மறுபடி திணித்தால் ஓரத்தில் புகை கசியும். ஒழுங்காக நடத்தினால் ஒரு வினையூக்கி 10,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும். பெயின்ட் அடித்த மரம், ரசாயனம் ஏற்றிய பலகை, பிளாஸ்டிக், வண்ணம் அச்சடித்த தாள், உப்புத் தண்ணீரில் ஊறிய மரம், நிலக்கரி இவற்றில் எதையாவது போடுகிற பழக்கம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ஈயமும் துத்தநாகமும் கந்தகமும் பூச்சை விஷம் மாதிரி கொன்றுவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால் இப்போதைக்குப் புது வினையூக்கி வாங்காதீர்கள். தேன்கூட்டைப் பார்த்துவிட்டு, கயிற்றைச் சோதித்துவிட்டு, காய்ந்த பெரிய கட்டைகளைப் பாதி அளவு போட்டு ஒரு பகல் எரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முள் எங்கே நிற்கிறது, பிடி எந்த இடத்தில் இருக்கிறது, உள்ளே தீ எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன்.